முகம் பார்த்துப் பல் கட்டியவர்

அவர் யாருடைய கண்ணையும் பார்த்துப் பேசமாட்டார். வாயைத்தான் பார்ப்பார். முதல் தடவை சந்திக்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். காலையில் தின்ற இட்லிப்பொடி ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று உதட்டைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். "ஒண்ணும் இல்ல சார். மேல் வரிசைல ஒரு பல்லு கொஞ்சம் முன்னாடி கீது. நல்லாத்தான் கீது" என்றார். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு முன்பின் தெரியாத பெண்ணிடமிருந்து இனி கிடைக்கக்கூடிய பாராட்டு இவ்வளவுதான் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

பூந்தமல்லியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறைதான் அவருடைய பட்டறை. டாக்டர் வாயில் அளவெடுத்துக் கொடுப்பார். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை வைத்து, கடைசியில் செட்டாக முடித்துக் கொடுப்பது இவர் வேலை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பூந்தமல்லியில் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. பல்லுசெட்டு அக்கா என்று கேட்டால் ஷேர் ஆட்டோக்காரர்களே வழி சொல்வார்கள். நானும் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது அவர் மகளோடு ஓசூர் பக்கம் போய்விட்டார் என்றாலும், எப்படியாவது தெரிந்துகொண்டு, "பேர மட்டும் போட்டா போதுமா? எத்தினி பேருக்கு பல்லு கட்டுனேன்னு போட்டியா?" என்று போனில் பிடித்துக்கொள்வார்.

அளவு இருக்கும்போது முகம் எதற்கு என்பார்கள் மற்ற பட்டறைக்காரர்கள். அவர்களுக்குப் பிளாஸ்டர் அச்சும் பல்லின் நிற எண்ணும் பார்சலில் வந்தால் போதும். யார் வாய் என்றே தெரியாமல் பல் தயாராகித் திரும்பிப் போய்விடும். இவர் அதற்கு ஒப்பமாட்டார். "ஜாக்கெட் தெக்கிறவனே ஆள பாக்குறான். மூஞ்சி பாக்காம நான் எப்டி பல்லு கட்டுறது?" என்பார். ஆள் வர முடியாவிட்டால் இவரே கிளம்பிவிடுவார். மாங்காடு, வானகரம், ஆவடி என்று ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருக்கும். அதற்குள் யாரோ ஒருவருடைய மேல்வரிசையும் கீழ்வரிசையும் மெழுகில் இருக்கும். ஒருமுறை பக்கத்தில் இருந்த அம்மாள், இன்னைக்கு இன்னா கொயம்பு என்று ஆசையாகக் கேட்க, இவர் மூடியைத் திறந்தே காட்டிவிட்டாராம். திருவேற்காட்டுக்குப் போக ஏறிய அந்த அம்மாள் வேலப்பன்சாவடியிலேயே இறங்கிக்கொண்டாராம்.

பட்டறையில் பிளாஸ்டர் அச்சுகள் அடுக்கிய மர அலமாரி ஒன்று உண்டு. அச்சின் அடியில் நோயாளியின் பெயரை எழுதுவதுதான் வழக்கம். அக்கா, அந்த ஆள் பல் வந்ததும் முதலில் என்ன சாப்பிட ஆசைப்படுகிறார் என்று கேட்டு அதைப் பென்சிலில் எழுதிவைப்பார். கறி தோசை. கடலை மிட்டாய். மாங்காய், உப்பு மொளகா. "பேரு மறந்துபூடும் சார், இது மறக்காது" என்று காரணம் சொன்னார். டாக்டருக்குத்தான் திண்டாட்டம். ஒருநாள் கிளினிக் நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது, "நெத்திலி யாருங்க? உள்ள வாங்க!" என்று கத்திவிட்டார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் எழுந்து உள்ளே போனார்.

இன்னொரு சம்பவத்தை அவரே சொல்லிச் சிரித்தார். வானகரத்தில் ஒரு மூதாட்டி காலமாகிவிட்டார். மாலையோடு போன அக்கா, கிடத்தியிருந்த முகத்தைப் பார்த்ததும் மாலையைப் போடாமலே நின்றுவிட்டார்.

"செட்டு எங்க?"

"டம்ளர்ல கீதுக்கா. இனிமே எதுக்கு?" என்றான் மகன்.

"எதுக்கா? எட்டு மாசம் என்னாண்ட நடந்து வாங்குனது. தினம் போட்டுகினு இருந்துட்டு, ஊரே வந்து மூஞ்சி பாக்குற அன்னிக்கு கயட்டி வைப்பியா நீ?"

கழுவித் துடைத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டு, பிறகுதான் மாலை போட்டார். மத்தியானம் வந்த உறவுக்காரர்கள், கெய்வி சிரிச்ச மூஞ்சோட போயிருக்கா பாரு என்று சொல்லிச் சொல்லி அழுதார்களாம். "எங்கைய புடிச்சி குலுக்கல, அவ்ளோதான்" என்றார் அக்கா.

இவர் எங்கள் வீட்டுக்கு வந்த கதைக்கு, என்னைப் பற்றிக் கொஞ்சம் அசிங்கமான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அம்பத்தூரில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். திருவேற்காட்டில் இரண்டு படுக்கையறை பிளாட். அதில் ஓர் அறை என் எச்சிங் வேலைக்கு. செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். அந்தப் பள்ளத்தில் மையை ஏற்றி, ஈரத்தாளில் அழுத்தி எடுக்கிற படம் அது. சுவர் முழுக்க, ஐரோப்பாவில் பரோக் காலம் என்று சொல்கிற பதினேழாம் நூற்றாண்டின் எச்சிங் படங்களை நகலெடுத்து ஒட்டியிருந்தேன். அத்தனையும் கிழவர்கள், கிழவிகள். தொப்பி போட்ட தாடிக்காரர், கை மடித்து உட்கார்ந்த விதவை, தூங்கி வழிகிற தாத்தா. அரசனையும் அழகியையும் வரையப் பணம் கிடைத்த காலத்தில், ஒல்லாந்து தேசத்து ஓவியர் ஒருவர் தன் வீட்டு முதியவர்களை உள்ளங்கை அகலத் தகட்டில் கீறிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம். இளமையை எவன் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம், முதுமைக்குத்தான் கை வேண்டும் என்று வகுப்பில் வசனம் பேசுவேன். பிள்ளைகள் கொட்டாவி விடும்.

என் அப்பா மைக் அறிவிப்பாளர். அவருடைய அப்பா இதே பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். அப்பா ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஆவடியிலிருந்து மாங்காடு வரை பேசித் தீர்த்தார். கட்சிக் கூட்டம், நகைக்கடைத் திறப்பு விழா, நாளை தண்ணீர் வராது, இன்னார் இறைவனடி சேர்ந்தார், எல்லாம் அவர் குரல்தான். எழுபத்தாறு வயதில் ஈறு கெட்டு, மிச்சமிருந்த பற்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். வார்த்தை காற்றாகப் போகிறது, எச்சில் தெறிக்கிறது. அத்தனை வருஷம் மைக் பிடித்த மனிதருக்கு அது அவமானமாகிவிட்டது. தெருவுக்குப் போகமாட்டார். போன் அடித்தால் எடுக்கமாட்டார். வாயில் துண்டை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஆறு மாதமாக அதே நாற்காலிதான்.

ஒரு நாள் சாயங்காலம் அந்த ஜன்னல் வெளிச்சத்தில் அவரைப் பார்த்தேன். உள்வாங்கிய வாய், தூக்கிய முகவாய், கன்னத்தில் குழி. சுவரில் ஒட்டியிருந்த படம் எழுந்து வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வருத்தம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஊசியை எடுக்கத்தான் கை பரபரத்தது. மறுநாளே தகடு தயார் செய்து, தினமும் ஒரு மணிநேரம் அப்பாவின் எதிரில் உட்கார ஆரம்பித்தேன்.

அக்கா முதல் தடவை வந்தது அதற்கு அடுத்த வாரம். டாக்டர் அளவெடுத்துவிட்டார், முகம் பார்க்க இவர் வந்தார். வேலை அறை வழியாகத்தான் அப்பாவிடம் போக வேண்டும். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாரு சார் இவங்கள்லாம்? சொந்தமா?"

"இல்லைங்க. நானூறு வருஷத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல இருந்தவங்க."

"அப்ப செட்டு கெடயாது" என்று வருத்தப்பட்டார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனார். "இவருக்கு தாடி கீறதால தப்பிச்சாரு. உள்ள மேல் வரிசை காலி. மீச எப்டி உள்ள போவுது பாருங்க. இந்தம்மாவுக்கு கீழ முன்னாடி ரெண்டு மூணு பல்லு கீது, மேல ஒண்ணும் இல்ல. இவரு தூங்கல சார், எதயோ ஈறால மென்னுகினு கீறாரு."

இருபது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்த படங்கள். எனக்கு வெளிச்சம் தெரிந்தது, நிழல் தெரிந்தது, கோட்டின் அழுத்தம் தெரிந்தது. மீசை உள்ளே போவது தெரியவே இல்லை.

கை மடித்து உட்கார்ந்த அம்மாளிடம் அக்கா அதிக நேரம் நின்றார். வரைந்தவருடைய அம்மா என்று சொல்வார்கள் என்றேன். மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"கெட்டிக்காரன் சார். வாயத் தொறக்காமலே உள்ள இன்னா இல்லன்னு கண்டுபுடிச்சிகீறான். எங்க டாக்டருக்கே இது வராது." அடுத்த படத்துக்குப் போனவர் திரும்பி வந்து, "இவ்ளோ நேரம் ஒக்கார வச்சானே, இன்னா துன்னியம்மான்னு கேட்டுருப்பானா?" என்றார்.

கேட்டதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்றேன். கலை வரலாறு அந்தக் கேள்வியை அதுவரை கேட்டதாக நான் படித்ததில்லை.

அப்பாவிடம் போய், "நைனா, பல்லு வந்தா மொதல்ல இன்னா துன்னணும்?" என்றார். அப்பா துண்டை எடுக்கவில்லை. அக்கா டிபன் பாக்ஸிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். அப்பா ரொம்ப நேரம் யோசித்து, பழைய பில் ஒன்றின் பின்னால் ஒரே சொல் எழுதிக் கொடுத்தார்: மைக். அக்கா அதைப் படித்துவிட்டு, சாப்பாட்டுப் பெயர்கள் எழுதுகிற அதே அக்கறையோடு பிளாஸ்டர் அச்சின் அடியில் எழுதிக்கொண்டார்.

என் அசிங்கம் இனிமேல்தான். மெழுகில் பல் வைத்துப் போட்டுப் பார்க்க எப்போது வரலாம் என்று அக்கா போன் செய்தார். தகட்டில் அப்போது நெற்றியும் கண்ணும் முடிந்திருந்தன, வாய் பாக்கி. எனக்குப் பரீட்சைப் பேப்பர் இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் அப்பாவுக்குச் சளி என்றேன். அதற்கடுத்த வாரம் இல்லாத ஓர் அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன். ஊரில் ஒரு கண்காட்சி வரவிருந்தது. அதில் அப்பாவின் வாய்தான் பேசப்படப்போகிறது என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த வாய் பேச வேண்டும் என்பது மட்டும் கணக்கில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொல்லாமல் வந்து நின்றார். அப்பா ஜன்னலோரம். எதிரில் நான், கையில் ஊசி. ஓவியப் பலகையில் அப்பாவின் வாய் மட்டும் ஏழெட்டு விதமாக வரைந்த தாள்கள். அக்கா தாள்களைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக என் கண்ணைப் பார்த்தார்.

"சளியா? அத்தைக்கு ஒடம்பு முடியலியா? டபாய்ச்சிகினா கீற? நீ படம் போட்டு முடிக்கிற வரைக்கும் நைனா கஞ்சி குடிச்சிகினு இருக்கணுமா? வாத்தியாராம் வாத்தியாரு!"

'சார்' போய் 'நீ' வந்துவிட்டது. அப்போது ஜன்னல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார். பாதிச் சொல் காற்றாகப் போனாலும் புரிந்தது.

"உடும்மா. இவன் எம்மூஞ்சிய இவ்ளோ நேரம் பாத்ததே இல்ல. அதான் நானும் கம்முனு ஒக்காந்துகினு இருந்தேன்."

எட்டு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. நான் ஊசியை மேஜையில் வைத்துவிட்டு பால்கனிக்குப் போய், காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். காயாதவற்றையும் மடித்தேன். அக்கா பின்னாலேயே வந்தார். கோபம் போய்விட்டது, அவருக்கு எதுவும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல் நிற்காது. "சரி, படமும் போடு. பல்லும் போடலாம். மொதல்ல நைனா சிரிச்ச மாதிரி ஒரு பழைய போட்டோ குடு, பல்லு எப்டி இருந்துச்சின்னு பாக்கணும்" என்றார்.

பீரோவைக் கவிழ்த்தோம். அப்பாவின் கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு போட்டோ, என் காதுகுத்துப் போட்டோ, தலைவர் ஒருவர் பக்கத்தில் நின்ற போட்டோ. எதிலும் வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் கேமரா முன்னால் நிற்பதென்றால் கோர்ட்டில் நிற்பது போலத்தான். சிரித்தால் ஸ்டுடியோக்காரரே திட்டுவார். அத்தனை வருஷம் வாயால் பிழைத்த மனிதரின் பற்கள் எந்தப் போட்டோவிலும் இல்லை.

"நீ படம் போடுறவன்தான? பல்லோட நைனாவ ஒரு தபாகூட போடலியா?" என்றார் அக்கா.

போடவில்லை. பல் இருந்தபோது அப்பா வரையத் தகுந்தவராக எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கும்.

வேறு யாராக இருந்தாலும் வரிசையாக, வெள்ளையாக, கல்யாண மாப்பிள்ளைக்கு வைப்பது போல ஒரு செட்டை வைத்து முடித்திருப்பார்கள். நானும் அப்படியே கேட்டேன். "அப்பால கண்ணாடில பாத்து யாரோ வந்துகீறாங்கன்னு நைனா வணக்கம் சொல்லுவாரு" என்று மறுத்துவிட்டார். மறுநாள் எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவரிடம் போய் விசாரித்திருக்கிறார். அவர் அப்பாவின் பழைய கேசட் ஒன்றைப் போனில் ஏற்றி வைத்திருந்தார். ஆவடிக்கு ஒரு சர்க்கஸ் வந்தபோது பேசியது. அக்கா அதை வாங்கிவந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஓடவிட்டார்.

"சர்க்கஸ்! சர்க்கஸ்! சர்க்கஸ்! சிங்கம், சிறுத்தை, சைக்கிள் ஓட்டும் கரடி!"

அப்பாவின் நாற்பது வயதுக் குரல் வீட்டை நிறைத்தது. அப்பா துண்டை இறுக்கிக்கொண்டார். அக்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. காதைப் போனில் ஒட்டிக்கொண்டு, திரும்பத் திரும்ப அதே இடத்தைப் போட்டார். பத்துத் தடவைக்கு மேல் அந்தக் கரடி சைக்கிள் ஓட்டியது.

"கேளு சார். ஒவ்வொரு 'ச'வுலயும் பின்னாடி சின்னதா ஒரு விசில் வருது. நைனா, முன்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல சந்து இருந்துச்சா?"

அப்பா துண்டைக் கீழே போட்டுவிட்டு அவரையே பார்த்தார். பிறகு சுண்டுவிரல் நுனியைக் காட்டி, இவ்வளவு என்றார். எனக்கு அந்தச் சந்து நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. ஆயிரம் தடவை அந்த வாயிலிருந்து என் பெயரைக் கேட்டிருக்கிறேன். முகங்களைப் பார்ப்பதையே தொழில் என்று சொல்லிக்கொள்கிறவன் நான்.

மெழுகில் சந்து விட்டுப் பல் வைத்து எடுத்துவந்தார். போட்டுக்கொண்டு சர்க்கஸ் சொல்லச் சொன்னார். ஷர்க்கஷ் என்று வந்தது. வாங்கி, சின்னக் கத்தியால் ஓரத்தைச் சுரண்டினார். மறுபடியும் சொல்லச் சொன்னார். சுரண்டினார். நாலாவது தடவை அந்த விசில் வந்தது. அப்பாவின் நாக்கு நுனி தானாகப் போய் அந்தச் சந்தைத் தொட்டுப் பார்த்தது. அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் வரைய முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன்.

செட் முடிந்து வந்த பிறகு தினமும் பேச்சுப் பயிற்சி. அக்கா வேலை முடிந்து போகிற வழியில் இறங்கி, பேப்பரில் வரும் வரி விளம்பரங்களை அப்பாவைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். அம்பத்தூரில் வீடு வாடகைக்கு, சைவம் மட்டும். டிரைவர் தேவை. அப்பாவும் பழைய தோரணையில் படிப்பார். ஒரு டிரைவர் வேலைக்கு அவ்வளவு கம்பீரமான அழைப்பு எங்கும் வந்திருக்காது. என் தகடு அப்படியே நின்றது. எதிரில் உட்காருவேன், அப்பா பேசிக்கொண்டே இருப்பார், உதடு ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. வாய் இல்லாத தகட்டைத் துணியில் சுற்றி மேலே வைத்துவிட்டேன். கண்காட்சிக்கு ஒரு மாமரத்தை அனுப்பினேன். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒருநாள் அக்கா போகும்போது அந்தக் கை மடித்த அம்மாளின் நகல் ஒன்று கேட்டு வாங்கிப்போனார். "என்னாண்ட இருக்கட்டும். அளவு எடுக்கத்தான் போவ முடியல" என்றார். பட்டறையில் மாட்டியதும் ஒரு புதுத் தொல்லை ஆரம்பித்தது. பல் கட்ட வந்தவர்கள் எல்லாரும், இது செட் போடுறதுக்கு முன்னாடி எடுத்ததா, போட்ட பிறகு எடுத்த போட்டோ எங்கே என்று கேட்டார்கள். அக்கா சளைக்காமல், "இவங்க புள்ள இன்னும் கூட்டிகினு வரல" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் ஆகியும் அப்பா தெருவில் இறங்கவில்லை. வீட்டுக்குள் பேசுவது வேறு, ஊர் முன்னால் பேசுவது வேறு என்றார். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு மைக் செட்காரர் வந்து அழைத்தபோதும் மறுத்துவிட்டார்.

"அத்தினி பேரு எதிர்ல செட்டு நயுவிச்சின்னா? அப்பால இந்த ஊர்ல நான் எப்டி நடமாடுவேன்?"

"நயுவுனா நான் கீழ நிக்கிறேன், புடிச்சிக்கிறேன்" என்றார் அக்கா. "கேட்ச் உட மாட்டேன் நைனா."

அப்பா சிரித்துவிட்டார். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

கூழ் ஊற்றும் நாள் பதினோரு மணிக்கு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தானாகக் கிளம்பி வந்தார். நான் கூடப் போனேன். கோயில் வாசலில் பெரிய அண்டாக்கள், சொம்பும் வாளியுமாக வரிசை, முருங்கைக்கீரை வாசனை. நாலு மரப்பலகை போட்ட மேடை. மைக் செட்காரர் மைக்கை நீட்டினார். அப்பா வாங்கினார், தட்டினார், ஊதினார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோய், மறுபடியும் இறக்கினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அந்தச் செட் வழுக்கி விழுந்தால் இவர் மறுபடியும் அந்த நாற்காலிக்குப் போய்விடுவார், இந்தத் தடவை எழுந்து வரமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. கூழ் அண்டா ஏற்றிவந்த டெம்போவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காதையும் பொத்திக்கொண்டேன்.

பொத்திய காதுக்குள் அந்தக் குரல் வந்தது.

"பக்த கோடிகளுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு! சற்று கவனிக்கவும்! காணவில்லை! வயது நாற்பத்தெட்டு. கட்டம் போட்ட சட்டை. விரல் முழுவதும் கறுப்பு மை. பார்ப்பதற்குச் சாதுவாக இருப்பார். சற்று நேரத்துக்கு முன்பு மேடை அருகே நின்றவர், இப்போது காணவில்லை. அவருடைய தகப்பனார் மைக் அருகே காத்துக்கொண்டிருக்கிறார். காண்பவர்கள் அவரைப் பயமுறுத்தாமல் அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்!"

சட்டையிலும் சாதுவிலும் சற்று நேரத்திலும் அந்தச் சின்ன விசில் பிசகாமல் விழுந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்காய்கள் பறந்தன. டெம்போக்காரர் எட்டிப் பார்த்து, "இதோ கீறாரு, இதோ கீறாரு!" என்று கத்த, ஆளாளுக்கு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட விடவில்லை.

மேடைக்குக் கீழே அக்கா, சொன்னபடியே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். முகமெல்லாம் ஈரம். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நைனா, இன்னொரு தபா சொல்லு நைனா!" என்று கத்தினார்.

அப்பா குனிந்து பார்த்தார். எதிரில், கைக்கெட்டும் தூரத்தில், கட்டம் போட்ட சட்டையில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டே மைக்கை வாயருகே கொண்டுபோய், முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"மீண்டும் அறிவிக்கிறோம். காணவில்லை!"